பன்னிரண்டும் பிறகு ஒன்றும்

முப்பத்தோரு வருடம் நடன ஆசிரியை என்று
வரவுப் புத்தகத்தில் கையொப்பம் வைத்தேன்.
அதில் முதல் பதினொரு வருடம்
குருக்கள்மடத் துறையில் ஏறி அம்பிளாந்துறையில் இறங்கினேன்.
பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்
மோட்டார் சைக்கிள்கள், உரமூட்டை, ஒரு கன்று,
துவாயில் இறுக்கிச் சுற்றிய சலங்கைகள்.
சுற்றாமல் விட்டால் நான் வருவது
சோதனைச்சாவடிக்கு எனக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிடும்.

ஒருநாள் தட்டுக்கழி நழுவி வாவிக்குள் போனது.
அந்தத் தவணை முழுக்கப் பாடசாலைக் குசினியின்
அகப்பைக் காம்பால் தாளம் போட்டேன்.
பிசகவில்லை. பருப்பு மணத்தது.

தமிழ்த்தினப் போட்டிக்குக் குழு நடனம்.
பதினான்கு பிள்ளைகள், முன்வரிசையில் நான்கு இடம்,
அதிபர் அறைக்குள் பதினான்கு தாய்மார்.
இரவிரவாகப் புளியங்கொட்டைகளை நகர்த்தி நகர்த்தி
எட்டு ஆவர்த்தனத்துக்கு ஒருதரம்
பின்னால் நிற்பவள் முன்னால் வரும்படி செய்தேன்.
நடுவர் எழுதினார்: 'வரிசை குழப்பம். மூன்றாமிடம்.'
உங்கள் நல்ல நடன அமைப்பு எது என்று யாரும் கேட்டால்
சண்டைக்குப் பயந்து செய்த அதைத்தான் சொல்வேன்.

ஐம்பத்தாறில் இடது முழங்கால்
அரைமண்டிக்கு மறுத்தது.
லீவு போட்டேன். கொழும்பில் யோகாசனப் பயிற்சி.
பச்சை முத்திரை குத்திய சான்றிதழ்.

இப்போது விடிய ஐந்தரை, நாவற்குடா வாசிகசாலை மண்டபம்.
முன்வரிசை கிடையாது, பாய் விழுந்த இடம் இடம்.
வங்கிப் பிள்ளைகள் இருவர்.
சீனி வருத்தத்தோடு ஓய்வுபெற்ற தபாலதிபர் இராசநாயகம்.
காத்தான்குடியிலிருந்து ஜெஸீமா.
முதல் நாளே அவள் கேட்டாள்,
'கும்பிடுற பேர் இல்லாம இதச் செய்யலாமா டீச்சர்?'
எண்ணிப் பார்த்தோம். நிலைகள் பன்னிரண்டு.
அன்றிலிருந்து சூரிய நமஸ்காரம் எங்களுக்குப் பன்னிரண்டு.
'இண்டைக்கு எத்தின பன்னிரண்டு?' என்றுதான்
தபாலதிபரும் கேட்கிறார்.

மாசியில் வந்து சேர்ந்தவள் தங்கநாயகி,
ஆஸ்பத்திரிச் சிற்றூழியர்.
சொன்னதெல்லாம் செய்தாள், சொல்லாததையும்.
கடைசி ஐந்து நிமிடம்.
பழகி வைத்திருந்த மெல்லிய குரலில் சொன்னேன்:
'இனிச் சவாசனம். மல்லாந்து படுங்க.'
எல்லாரும் படுத்தார்கள்.
அவள் நின்றாள்.

'ஏலா டீச்சர்.'
'முதுகு நோகுதா?'
'மார்கழி இருபத்தாறு
வராந்தாவில நான்தான் வரிசையாக் கிடத்தினது.
இப்பிடித்தான், உள்ளங்கை மேல பாத்தபடி.'

பயிற்சி தந்த இடத்தில் அது வெறும் வடமொழிச் சொல்.
உச்சரிப்புத் திருத்தினார்கள், குறிப்பெடுத்தேன்.
தமிழ்க் காதில் அது என்னவாக விழும் என்று
அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது.
படுத்திருந்தவர்கள் கண் திறந்து
மின்விசிறியைப் பார்த்தார்கள்.

வேறு என்ன பெயர் சொல்ல?
தட்டடவு, நாட்டடவு, சறுக்கல் என்று
தெரிந்ததையெல்லாம் துழாவினேன்.
கிடப்பதற்கு ஓர் அடவும் இல்லை.
முப்பத்தோரு வருடமும் நின்ற வருடங்கள்.
வாய்க்கு வந்தது,
நான் பதினொரு வருடம் போய்வந்த பக்கத்தின் பெயர்.

'படுவான்கரை' என்றேன்.
'சூரியன் போய்ப் படுக்கிற கரை.
கொஞ்ச நேரம் அங்க கிடந்திட்டு
எழுவான்கரைக்குத் திரும்பி வாறம். அவ்வளவுதான்.'

'பாதை எத்தின மணிக்கு?' என்றார் தபாலதிபர், கண்ணை மூடியபடி.
தங்கநாயகி சிரிக்கவில்லை.
யோசித்துவிட்டு,
'இப்ப பாலம் போட்டாச்சுதானே' என்றாள்.

பாயைக் கதவோரம் இழுத்தாள்.
மல்லாந்து அல்ல, ஒருக்களித்து,
ஒரு கை தலைக்கு, மற்றது செருப்பின்மேல்.
சரியான நிலை இல்லை.
சான்றிதழ் தந்தவர்களுக்கு நான் எழுதப்போவதுமில்லை.

ஐந்து நிமிடம் பதினொன்றாயிற்று.
யாரோ குறட்டை விட்டார்கள்.
இரண்டு பேருக்கு வங்கி பிந்தியது.